நன்றியுரையில் ஓர் இஸ்திரிக் கடை

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு முதுகலை ஆய்வேட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்த ஆளை நான் பார்த்ததே இல்லை. எழுதியவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேராசிரியர்கள் தலைப்பைப் படிப்பார்கள். நன்றியுரையில் தங்கள் பெயருக்கு முன்னால் அடைமொழிகள் குறையாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அப்புறம் பஸ்பூஸா இனிப்புத் தட்டு சுற்றி வரும், மாணவியின் தாய் குலவையிடுவாள், பட்டம் கிடைத்துவிடும்.

காப்பகத்தின் தலைவன் என்பதால் நான் மட்டும் படிப்பேன். ஆய்வேடுகளை எல்லாம் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டவனும் நான்தான். அதற்குக் கெய்ரோவில் கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

ராவியா எழுதியது நல்ல ஆய்வேடு. பழிக்குப் பழி வாங்குவார்கள் என்று பயந்து, எங்கள் தெற்கு எகிப்திலிருந்து ஓடிப்போய் அலெக்ஸாந்திரியாவில் ஒளிந்து வாழும் குடும்பங்களைப் பற்றியது. கெட்டிக்காரப் பெண், உள்ளே எல்லாப் பெயரையும் மாற்றியிருந்தாள். ஆனால் நன்றியுரை வேறு சங்கதி. ரொட்டியும் உப்பும் தின்ற வீட்டின் பெயரைச் சொல்லாமல் விட்டால் எங்களில் அது நன்றிகெட்டதனம். ஆகவே அங்கே ஒளிந்திருந்துகொண்டே தனக்கு இடம் கொடுத்த ஹம்மாமின் பெயரைத் தகப்பன், பாட்டன் பெயரோடு போட்டு, டிராம் நிறுத்தத்துக்கு எதிரே அவன் வைத்திருக்கும் இஸ்திரிக் கடையையும், அவன் மனைவி வைத்த முலூகியாக் கீரைக் குழம்பையும் உருகி உருகிப் புகழ்ந்திருந்தாள். பட்டம் வாங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. என்னிடம் ஓடி வந்தாள்.

"டாக்டர், அந்த ஒரு பக்கத்த மட்டும் எடுத்துடுங்க. புத்தியில்லாம பேரோட எழுதிட்டேன். அந்த மனுஷன் உசுரு போயிடும்."

"கையெழுத்தான ஏடும்மா. ஒரு பக்கத்த எடுத்தா உன் பட்டமும் கூடவே போயிடும்."

"அப்ப மொத்தத்தையும் கொஞ்ச வருஷம் பூட்டி வையுங்க."

"அறிவப் பூட்டி வெக்கறதா? ஜனங்க காசுல படிச்ச பொண்ணு பேசற பேச்சா இது?"

அழுதாள். சோம்புத் தேநீர் வரவழைத்துக் கொடுத்தேன். ஆபத்துள்ள ஆய்வேட்டைப் பூட்டி வைக்க ஒரு விதி இருக்கிறது. அதை எழுதியதே நான்தான். அவளுக்குத் தெரியாததை நான் ஏன் சொல்ல வேண்டும்? அவள் படியிறங்கிப் போனதும் ஆய்வேட்டை இணையத்தில் ஏற்றினேன்.

உங்கள் வழக்குக் கோப்பில் இருப்பதுதான், நானும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் என் அண்ணன் கினாவியைச் சுட்டவன் ஹம்மாமின் அண்ணன். அவன் சிறையிலேயே நோயில் செத்து எங்களை ஏமாற்றினான். அதனால் பழி தம்பி தலையில் விழுந்தது. கினாவி செத்தபோது ஹம்மாம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். அதையெல்லாம் எங்களில் யாரும் பார்ப்பதில்லை. பழி தீரும்வரை நாங்கள் துக்கப் பந்தல் போட மாட்டோம், துக்கம் கேட்க வருபவரை வாசலோடு திருப்பி அனுப்புவோம். என் தாய் அப்படித்தான் எல்லோரையும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் இந்தக் காட்டுமிராண்டித்தனத்துக்கு எதிரி. கண்டித்துக் கட்டுரை எழுதியிருக்கிறேன்.

சித்தப்பா மகன் பகீத் அந்தக் கட்டுரையைப் படிக்கவில்லை. "டாக்டருக்கு உலகத்துல இருக்கற எல்லா எழுத்தும் தெரியும்" என்பான், சபை நடுவில். "அண்ணன் ரத்தம் மட்டும் கண்ணுக்குத் தெரியாது."

நான் கோபப்படவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து சாப்பிட்டபின், எங்கள் காப்பகத்தைப் பற்றி உறவினர்களுக்கு விளக்கினேன். மக்களிடம் கொண்டுபோகாவிட்டால் அது என்ன திறந்த காப்பகம்?

"யாரு பேர வேணா போட்டுத் தேடலாமா?" என்றான் பகீத்.

"தேடலாம்."

"காசு?"

"சல்லிக் காசு வேணாம்."

அவன் கைபேசியை எடுத்தான். "அப்பன், பாட்டன் பேரையும் சேத்துப் போடு. அப்பதான் சரியான ஆளு கெடைப்பான்" என்றேன். இது எந்த நூலகரும் சொல்லும் யோசனை. யார் பெயரை அடித்தான் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

பகீத் ஹம்மாமைக் கடையிலேயே சுட்டான். யாருடைய சட்டையையோ தேய்த்துக்கொண்டிருந்தானாம். ராவியா இப்போது யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள். வருத்தம்தான், நல்ல ஆய்வாளர்.

இங்கே பந்தல் போட்டோம். கல்லூரி முதல்வர், பேராசிரியர்கள் எல்லோரும் வந்து என் கையைப் பிடித்தார்கள். என் தாயோ பகீத்தின் நெற்றியில் முத்தமிட்டாள். "கினாவிக்கு நீதான்டா தம்பி" என்றாள், நான் பக்கத்திலேயே நிற்கும்போது. ஊர் முழுக்க அவன் பேச்சுதான்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் வந்திருக்கிறேன். மனசாட்சி உறுத்தி வந்ததாக உங்கள் எழுத்தர் குறித்திருக்கிறார். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். ஆளைக் கண்டுபிடித்தவன் நான், வழியைத் திறந்தவன் நான், தேடவும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். குற்றப்பத்திரிகையில் என் பெயரை முதலில் எழுதுங்கள். என் தாய்க்கு யாராவது அதை வாசித்துக் காட்ட வேண்டும்.