தொடாத கைக்கு முழு மார்க்

மனு கொடுத்தவருக்கு முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. எந்த முப்பது நாள் என்று அதில் சொல்லவில்லை. ராசிபுரம் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

“பிளஸ் டூ பிராக்டிகல்ல என்ற மவளுக்கு முழு மார்க் போட்டுட்டாங்கக்கா. வயிறு எரியுது.”

“முழு மார்க்குக்கு யாராச்சும் வயிறு எரிவாங்களா சாமி?”

“ரெண்டு வருசமா கவர்மெண்டு ஸ்கூல்ல பிசிக்ஸ் டீச்சரே இல்லீங்க்கா. லேப் பூட்டியே கெடக்குது. ஒரு மீட்டரைக்கூடத் தொடாதவ இஞ்சினியரிங் காலேஜுல போயி முழிக்கோணுமா?”

“மனு குடுக்கலாமல்லோ?”

“ஆடி மாசமே கலெக்டர் ஆபீசு மனுநாள்ல குடுத்தனுங்க. ‘ஆசிரியர் நியமிக்க ஆவன செய்யப்படும்’னு பதிலும் வந்துச்சு.”

“எப்ப வந்துச்சு?”

“பிசிக்ஸ் பரீச்சை முடிஞ்ச மறுநாளுங்க்கா.”