முன் பிரேக்கைத் தொடாதே

மோட்டார் சைக்கிள் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் முதல் நாள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் வருவார்கள். நான் அவர்களைத் திட்டுவதில்லை. வீட்டுக்குப் போய் ஷூ மாட்டிக்கொண்டு வரச் சொல்வேன். டிரைவிங் ஸ்கூலில் பதினோரு வருஷமாக இதுதான் என் வேலை. என் கையில் பழகிப் போனவர்கள் ஆயிரம் பேராவது இருப்பார்கள். அதில் ஒருவர்கூடப் பெரிதாக அடிபட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் எவ்வளவு கவனமான ஆள் என்று தெரிந்தால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

என் மனைவி முதல் நாளே ஷூ போட்டுக்கொண்டு வந்தாள். முழுக்கைச் சட்டை, இறுக்கிக் கட்டிய தலைமுடி, கையில் ஒரு சின்ன நோட்டு. நான் சொல்வதையெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டுமாம். அவள் வேலை பார்ப்பது ரத்தப் பரிசோதனை நிலையத்தில். அங்கே எதையும் எழுதிவைத்துத்தான் செய்வார்கள்.

அந்த நிலையத்தில் புதிதாக ஒரு வேலை வந்திருந்தது. நடக்க முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருகிற வேலை. வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் அது. அவள் கேட்டுக்கொண்டு வந்து என்னிடம் சொன்னபோது நான் மறுக்கவில்லை. பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அதுவரை அவளைக் காலையில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும் நான்தான். ஆறு வருஷத்தில் மூன்று நாள்தான் தவறியிருக்கிறேன். மூன்று நாளும் எனக்குக் காய்ச்சல். சாயங்காலங்களில் தெருத் திருப்பத்திலேயே இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு வருவேன். பெட்ரோல் மிச்சமாகும். அதோடு, நான் வந்தது தெரியாமல் அவளை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

ஒரு நாள் அப்படி வந்தபோது, கூட வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அவள் சட்டென்று நிறுத்தவில்லை. துவைத்த துணியை மடித்து உள்ளே வைப்பதுபோல் மெதுவாக வைத்துவிட்டு வந்து வண்டியில் ஏறினாள். வீட்டுக்கு வரும்வரை என் தோளில் அவள் கை இருந்தது. பயம் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்போதும் நான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்க மாட்டேன். அவள் அண்ணன்தான் விடவில்லை. சாப்பிட வந்த இடத்தில், எல்லாரும் இருக்கும்போது சொன்னார். "மாப்ள, ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தர்றீங்க. என் தங்கச்சிய மட்டும் பார்சல் மாதிரி பின்னாடி வச்சுக் கட்டிக்கிட்டுப் போறீங்க." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை ஸ்கூல் மைதானத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன்.

முதல் எட்டு நாள் நான் அவளுக்குச் சொன்னதில் ஒரு தவறும் கிடையாது. கிளட்சை எப்படி விடுவது, வண்டி திணறினால் என்ன செய்வது, எங்கே பார்க்கிறோமோ அங்கேதான் வண்டி போகும் என்பது. அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ஒன்பதாம் நாள் தனியாக மைதானத்தைச் சுற்றி வரச் சொன்னேன். இரண்டு சுற்று ஒழுங்காக வந்தாள். மூன்றாவது சுற்றில் கேட் திறந்திருந்தது. வெளியே போய்விட்டாள்.

நான் மைதானத்தின் நடுவில் நின்றேன். வண்டிச் சத்தம் சின்னதாகி, மற்ற வண்டிகளின் சத்தத்தோடு கலந்து, பிறகு இல்லாமலே போனது. கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிஷம். அந்த நாலு நிமிஷத்தில் அவள் அடிபட்டுக் கிடப்பதாக நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. திரும்பி வராமல் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் முகம் சிவந்திருந்தது. தலைவலிக் காய்ச்சலிலும் சண்டையிலும் சந்தோஷத்திலும் நான் பார்த்த எந்த முகமும் இல்லை அது. என் முகத்தைப் பார்த்து அவளே கேட்டாள்.

"ஏங்க இப்படி வெளிறிப் போய் நிக்கிறீங்க? நான் எங்க ஓடிடப் போறேன்? ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன், அவ்வளவுதான்."

பயமே இல்லாமல் வண்டி ஓட்டுகிறவர்கள்தான் சாகிறார்கள் மேடம். எங்கள் தொழிலில் இதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் அவளுக்குக் கொஞ்சம் பயம் கற்றுக்கொடுப்பது என் பொறுப்பு என்று முடிவு செய்தேன். சாப்பிடும்போது விபத்துகளைப் பற்றிச் சொன்னேன். லாரிச் சக்கரம், கழன்ற ஹெல்மெட், நசுங்கிய கால் எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னேன். அவள் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவாள். ஆனால் மறுநாள் காலையில் எனக்கு முன்னால் ஷூ போட்டுக்கொண்டு தயாராக நிற்பாள்.

அப்போதுதான் முன் பிரேக் ஞாபகத்துக்கு வந்தது.

உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் சொல்கிறேன். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. வலது கையால் பிடிக்கிறோமே, அதுதான். காலால் மிதிக்கிற பின் பிரேக் அதற்குத் துணை. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால், ஈரத்தில் பின் சக்கரம் சுற்றாமல் நின்று வழுக்கும், வண்டி குறுக்கே திரும்பும். இரண்டையும் சேர்த்து, அழுத்தமாக, ஆனால் பதறாமல் பிடிக்க வேண்டும். இதை நானே என் கையால் ஒரு பலகையில் பெயின்ட் வைத்து எழுதி, ஸ்கூல் வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். அந்த அறைக்குள் அவள் போனதில்லை. நாங்கள் மைதானத்தோடு திரும்பிவிடுவோம்.

அவளிடம் நான் சொன்னது வேறு. முன் பிரேக்கைத் தொடாதே, தொட்டால் தூக்கி எறிந்துவிடும் என்றேன். அவள் நோட்டில் எழுதப் போனவள் நிமிர்ந்து கேட்டாள்.

"அப்புறம் எதுக்குங்க அதை வச்சிருக்காங்க?"

"நிக்கிற வண்டி உருளாம பிடிச்சுக்கறதுக்கு."

அவள் நம்பாத மாதிரி இருந்தது. அதனால் அவளைப் பின்னால் உட்கார வைத்து மைதானத்து ஓரமாக ஓட்டிப்போனேன். அங்கே மணல் கிடக்கும். ஹேண்டிலைத் திருப்பியபடியே முன் பிரேக்கைச் சடாரென்று பிடித்தேன். மணலில் அப்படிப் பிடித்தால் யார் ஓட்டினாலும் விழும். விழுந்தோம். அவள் முழங்கை உரிந்துவிட்டது. எனக்கு முட்டியில் ரத்தம். நானும் விழுந்தேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவளை மட்டும் நான் தள்ளிவிடவில்லை. வீட்டில் நான்தான் மருந்து போட்டுவிட்டேன். இரவில் தூக்கத்திலும் அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

அதற்குப் பிறகு அவள் வலது கை விரல்கள் ஆக்ஸிலேட்டரை விட்டு நகரவே இல்லை. லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில் எட்டு போடச் சொன்னார்கள். அழகாகப் போட்டாள். எந்தப் பிரேக்கைப் பிடிக்கிறாள் என்று யாரும் பார்க்கவில்லை. அங்கேயெல்லாம் கால் தரையில் படுகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அவளாகவே பயந்து விட்டுவிடுவாள் என்று காத்திருந்தேன். விடவில்லை. பயந்துகொண்டே ஓட்டினாள். புது வேலையும் கிடைத்துவிட்டது. போகிற வழியை நான் சொன்னேன். மெயின் ரோடு வேண்டாம், வண்டிகள் அதிகம், மேட்டு வழியாக இறங்கிப் போ என்றேன். அந்த இறக்கத்தின் அடியில் வண்டி கழுவுகிற கடை ஒன்று இருக்கிறது. சோப்புத் தண்ணீர் எப்போதும் ரோட்டில் ஓடும். அதைத் தாண்டியதும் பக்கத்துத் தெருவிலிருந்து வண்டிகள் திடீரென்று வரும். அங்கே பிரேக் பிடிக்காமல் யாரும் போக முடியாது. எங்கள் மாணவர்களை அந்தப் பக்கம் போகவே கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒரு வாரம் லீவு போட்டேன். தினமும் அவள் கிளம்புவதற்கு முன்பே கிளம்பி, கடைக்கு எதிரில் இருக்கிற தகரக் கொட்டகைக்குப் பின்னால் நின்றேன். கையில் முதலுதவிப் பெட்டி. பஞ்சு, துணிக்கட்டு, மணிக்கட்டுக்கு வைத்துக் கட்டுகிற அட்டை எல்லாம் வைத்திருந்தேன். அவள் விழுந்தால் வேறு யாரும் தொடுவதற்குள் நான் போய்விட வேண்டும் என்பதற்காகத்தான். ஒரு மணிக்கட்டு, இல்லையென்றால் கணுக்கால். ஆறு வாரம் கட்டு. அதற்குள் அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான் என் கணக்கு.

ஐந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, ஊர்ந்து, கடந்து போனாள். உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள். எனக்கும் உடம்பெல்லாம் வியர்த்திருக்கும். அவள் பத்திரமாகத் தாண்டியதும் நான் பெருமூச்சு விடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது நிம்மதிதான்.

ஆறாம் நாள் விடியற்காலையிலிருந்தே தூறல். அவள் ஜன்னல் பக்கம் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் திரும்பிக் கேட்டாள்.

"பயமா இருக்குங்க. இன்னிக்கு மட்டும் பஸ்ல போயிடவா? இல்ல நீங்களே கொண்டுபோய் விடுறீங்களா?"

அவளாகவே கேட்டாள், பாருங்கள். இத்தனை நாளும் நான் எதற்காகக் காத்திருந்தேனோ அதையே கேட்டாள். ஆனால் இன்னிக்கு மட்டும் என்றாள். நாளைக்கு வெயில் அடித்தால் மறுபடியும் தனியாகத்தானே போவாள்.

"மழையில ஓட்டிப் பழகலன்னா அப்புறம் எப்பப் பழகுவ?" என்றேன். அவள் ஹெல்மெட் பட்டையை நான்தான் மாட்டிவிட்டேன். ஒரு விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறதா என்று சரிபார்த்தேன். அவள் மேட்டு வழியில் மெதுவாக வருவதற்குள் நான் மெயின் ரோட்டில் முந்திப் போய்க் கொட்டகைக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

இறக்கத்தில் வரும்போதே வேகம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. கீழே பக்கத்துத் தெருவிலிருந்து தண்ணீர் கேன் வண்டி ஒன்று மூக்கை நீட்டியது. அவள் காலால் ஓங்கி மிதித்தாள். கையைப் பார்த்தேன். விரல்கள் ஆக்ஸிலேட்டரிலேயே இருந்தன. நான் சொல்லிக்கொடுத்ததை அவள் கடைசி வரை மீறவில்லை. வண்டி குறுக்கே திரும்பி அவளை இழுத்துக்கொண்டு போனது. ரோட்டோரக் கால்வாயின் சிமெண்ட் விளிம்பில் அவள் முதுகு மோதியது.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். புருஷனே பக்கத்தில் இருந்தது எவ்வளவு புண்ணியம் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். பெட்டியில் முதுகுக்கு ஒன்றும் இல்லை.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டியைப் பரிசோதித்தவர் அதில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அது உண்மை. நான் வண்டியில் கை வைக்கவில்லை. அவள் அண்ணன் ஒரு நாள் அவளிடம், ஏன் முன் பிரேக்கைப் பிடிக்கவில்லை என்று சும்மா கேட்டிருக்கிறார். அவள் நான் சொன்னதைச் சொல்லியிருக்கிறாள். அவர் நேராக ஸ்கூலுக்குப் போய் என் பலகையைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். "இது உங்க கையெழுத்துதான மாப்ள?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் உங்கள் ஸ்டேஷனில் கொடுத்த அந்த போட்டோதான் இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். முன் பிரேக்கைப் பற்றிப் பொய் சொன்னதும், வழியைச் சொன்னதும், மழையில் அனுப்பியதும் நான்தான். விழுவாள் என்று தெரிந்துதான் அனுப்பினேன். கையெழுத்துப் போட்டபின் எவ்வளவு நேரத்தில் போகலாம் என்று மட்டும் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இப்போது அண்ணன் கூட இருக்கிறார், ஆனால் அவருக்குப் பக்குவம் தெரியாது.

எனக்கு ஒரே கவலைதான். அவளுக்கு இன்னும் வண்டிப் பயம் தெளியவில்லை. நான் அறைக்குள் நுழைந்தாலே அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். தொட்டுத் திருப்பும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொள்கிறாள். அண்ணன் தொட்டால் அப்படி இல்லை. என் உடம்பில் பெட்ரோல் வாடை ஊறிப்போயிருக்கிறது, அதுதான் அவளுக்கு ரோட்டை ஞாபகப்படுத்துகிறது. அண்ணனும் வண்டியில்தானே வருகிறார் என்று நீங்கள் கேட்கலாம். அவருடையது புது வண்டி, அவ்வளவு வாடை இருக்காது. இப்போதெல்லாம் நான் குளித்துவிட்டுத்தான் அவள் பக்கத்தில் போகிறேன். ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்கிறேன். வேறு சோப்பு வாங்கிப் பார்க்க வேண்டும்.