மின்னல் பார்த்த ஏழாம் வட்டம்

வலது கையால் தட்டை ஆட்டிக்கொண்டே இடது கையால் போனை எடுத்தேன். தட்டில் பதினொரு வட்டம். ஒவ்வொன்றிலும் தங்கை வீட்டு மாடு ஒன்றின் ரத்தச் சீரம் ஒரு சொட்டு, ரோஜா நிறச் சோதனை மருந்து ஒரு சொட்டு. நான்கு நிமிடம் ஆட்ட வேண்டும். திரிந்தால் கன்றுவீச்சு நோய்; மாடு குறைமாதத்தில் கன்றை வீசிவிடும், மனிதனுக்கும் தொற்றும். திரியாவிட்டால் மாடு சுத்தம்.

"அண்ணே, பால் வண்டி வாசல்ல நிக்குது. ஊத்தவா, வேணாமா?" என்றாள் தங்கை.

இரண்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. சுத்தம், ஊற்று என்றேன்.

ஆய்வகத்தில் என் பட்டப்பெயர் மின்னல். நானே வைத்துக்கொண்டதுதான், மற்றவர்கள் கூப்பிட ஆரம்பிக்க மூன்று வருடம் பிடித்தது. போனை வைத்துவிட்டுப் பார்த்தால், ஏழாம் வட்டம் மணல் தூவியதுபோல் திரிந்திருந்தது. தட்டைக் கழுவினேன். தவறை ஒத்துக்கொள்ளத் தயங்குகிறவன் இல்லை நான். சொன்ன சொல்லை மாற்றுவதில்தான் கொஞ்சம் கூச்சம்.

அடுத்த மாதம் ஏழாம் மாடு கன்றை வீசியது. தங்கையின் கணவர் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுத்துக்கொண்டிருந்தார். கையுறை போடலாமே என்று தொழுவத்து வாசலில் நின்று சொன்னேன்.

"நீங்கதான் சுத்தம்னு சொல்லிட்டீங்களே மச்சான். அப்புறம் என்ன, உள்ள வாங்க."

நான் போகவில்லை. செருப்பு புதுசு.

மூன்றாம் வாரம் அவருக்குக் காய்ச்சல். சாயங்காலம் ஏறும், விடிந்தால் வேர்த்து இறங்கும். பெயர் தெரிந்தால் ஆறு வார மாத்திரையில் தீருகிற காய்ச்சல். டாக்டர் டைபாய்டு என்றார், மலேரியா என்றார். கடைசியில் என்னைத் தனியே அழைத்து, மாட்டு நோய் ஏதும் இருக்குமா, நீங்கள் அந்தத் துறையாயிற்றே என்று கேட்டார். ஒரு டாக்டர் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. எல்லா மாட்டையும் சோதித்தாகிவிட்டது என்றேன். பொய் இல்லை, பாருங்கள்.

கிருமி இதய வால்வில் போய் உட்கார்ந்தது. சாவு வீட்டில் தங்கை என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நானும் அழுதேன், அவளைவிடக் கொஞ்சம் சத்தமாக.

அதிகாரி ஐயா, நேற்று என்னை விசாரித்தபோது, அவசரத்தில் நேர்ந்த கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டீர்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று பெருமூச்சும் விட்டீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் இருபது வருட அனுபவக்காரனைப் பற்றி அந்த ஒரு சொல் காகிதத்தில் நிற்கக்கூடாது. அடித்துவிட்டு இதை எழுதுங்கள்.

டாக்டர் என்னிடம் கேட்பதற்கு ஒரு வாரம் முன்பே, சர்க்கரை பார்க்கிறேன் என்று சொல்லி மச்சானின் ரத்தத்தை எடுத்து வந்தேன். மனிதனுக்கும் அதே மருந்து, அதே தட்டு. முதல் நிமிடத்திலேயே திரிந்துவிட்டது. இருந்தாலும் நான்கு நிமிடமும் முழுசாக ஆட்டினேன். முறை என்று ஒன்று இருக்கிறதே. பிறகு தட்டைக் கழுவித் துடைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தேன்.

சர்க்கரை நார்மல் என்றேன்.