சிரிச்சாதான் எடுக்கும்

...கோளாறே இல்லையாம் சார்! மூணு நிமிஷம் கூட கையில வெச்சிருக்கல. "எல்லாம் சரியா இருக்கு, எடுத்துட்டுப் போங்க"ன்னு கவுண்டர்ல இருக்கற அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. நான் விடுவேனா? பெரிய மெக்கானிக்க வரச் சொல்லுன்னுட்டேன். அதான் உக்காந்திருக்கேன். நீங்க என்ன, பிரிண்டரா? காகிதத்த முழுங்குதா? அது தேவல சார். முழுங்கினா இழுத்து எடுத்துடலாம். இது ஆளையே முழுங்குது.

நாலு மாசம் விசாரிச்சு வாங்கின கேமரா. கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா... நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், எல்லாத்தையும் இதுவே பாத்துக்கும்னான். என் சம்சாரம் அன்னிக்கே சொன்னா, வீட்ல எல்லாத்தையும் தானே பாத்துக்கற ஆள் ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு, ஒரே உறைல ரெண்டு கத்தியான்னு. அவ வாய் முகூர்த்தம்.

முதல்ல இந்த ஃபிளாஷ். பட்டப்பகல்ல, சன்னலுக்கு முன்னால நிக்க வெச்சிருக்கேன், வெளிச்சம் பத்தலன்னு அதுவே முடிவு பண்ணி டொக்குனு தலைய நீட்டுது. கேக்காமலே வாயத் தொறக்கற சம்பந்தி மாதிரி. சரி, நீட்டித் தொலையட்டும்னு விட்டா, அதுல இன்னொரு வசதி. கண்ணு சிவப்பா விழக் கூடாதாம், அதுக்காக முன்கூட்டியே நாலு வாட்டி பளிச்சு பளிச்சுனு மின்னும். அதுக்கப்புறம்தான் நிஜப் படம். இது எங்காளுங்களுக்குத் தெரியுமா? முதல் மின்னலுக்கே அப்பாடான்னு கலைஞ்சுடறாங்க. ஒம்போது படம் எடுத்தேன் சார். ஒம்போதுலயும் மச்சானோட முதுகு. சம்சாரம் அடுப்பப் பாக்கப் போயிட்டிருக்கா. அப்பா மட்டும்தான் ஒழுங்கா உக்காந்திருக்காரு, ஏன்னா அவரால சட்டுனு எந்திரிக்க முடியாது.

சும்மா படம்னா போகட்டும்னு விட்ருவேன். என் தங்கச்சி ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் என் வாசப்படி மிதிச்சிருக்கா. நாளைக்குக் கிளம்பறா. ஏன் ஆறு வருஷம்னு கேக்கறீங்க... அது பழைய கதை. அவ கல்யாணத்துக்கு போட்டோகிராபர் எதுக்கு, நான் இல்லையான்னு சொன்னேன். நல்ல எண்ணத்துலதான் சார் சொன்னேன். அப்பவும் இந்தச் சனியன் புடிச்ச ஃபிளாஷ்தான். கிட்டக்கக் கிட்டக்கப் போய் எடுத்தேனா, எல்லா மூஞ்சியும் சுண்ணாம்பு அடிச்ச சுவராட்டம் வந்துடுச்சு. இருநூறு படம், ஒண்ணுலயும் பொண்ணுக்கு மூக்கு இல்ல. எங்கம்மா இருந்த கடைசி விசேஷம் அது. அம்மாவுக்கும் மூக்கு இல்ல.

ம்... அத விடுங்க. அதுக்குப் பிராயச்சித்தமாத்தான் இத வாங்கினேன். இன்னிக்குக் காலைல ஃபிளாஷ அமுக்கி மூடிட்டு, ஸ்டாண்டுல மாட்டிட்டு, நானும் போய் நின்னேன். அப்பா நாற்காலிக்கு வலது பக்கம். தங்கச்சி அந்தப் பக்கம். நிக்கறோம்... நிக்கறோம்... எடுக்கவே மாட்டேங்குது சார்! தாடைய எறக்குன்னேன், தோள நிமித்துன்னேன், மச்சான் அந்த மூஞ்சிய மாத்துங்கன்னேன். இருவது நிமிஷம். ஊஹூம். நான் நின்னா எடுக்காது. அதான் கோளாறு, அதத்தான் எழுதிக்கம்மான்னு சொன்னேன்...

டிக்குன்னுச்சே. கேட்டுச்சா? என் மடில இருக்கு, உங்க பக்கம் பாத்துக்கிட்டு இருக்கு, நான் தொடவே இல்ல. நீங்க சிரிச்சீங்களா? சிரிச்சீங்க. பரவால்ல சார், கோவிச்சுக்கல. அந்தப் பொண்ணும் இதத்தான் சொல்லுது. சிரிச்சா மட்டும் எடுக்கற வசதிய யாரோ போட்டு வெச்சிருக்காங்களாம். யாரோ என்ன யாரோ... நான்தான் போட்டேன். கேமராகூட வந்த புத்தகத்துல படிச்சேன். கஷ்டப்பட்டு ஓடிவந்து நிக்க வேண்டாம், சிரிச்சா தானா எடுத்துக்கும்னு போட்டிருந்துச்சு. எங்க குடும்பத்துல யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு அதுல போடல. சும்மா உதட்ட இழுத்துக்கிட்டு நின்னாங்க, பல்வலிக்காரங்களாட்டம். அது இதுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க. கவுண்டர்ல வெச்சு "நீங்க ஒரு தடவ சிரிங்க சார்"னுச்சு அந்தப் பொண்ணு. பல்லக் காட்டினேன். கம்முனு இருந்துச்சு. அந்தப் பொண்ணு சிரிச்சுது, டிக்.

இப்பக் கேளுங்க. புத்தகத்த எடுத்துட்டு வரேன், ஒருத்தரும் அசையக் கூடாது, என் இடம் அப்படியே இருக்கணும்னு சொல்லிட்டு உள்ள போனேன். பக்கம் கூடப் புரட்டல, வெளில டிக், டிக், டிக்னு ஒரே சத்தம். இருவத்தேழு படம் சார்! நான் இல்லாத நாலு நிமிஷத்துல. இதப் பாருங்க... தங்கச்சி ஒரு கண்ண மூடிக்கிட்டு, கைல கேமரா புடிச்ச மாதிரி நின்னு, மச்சானோட தாடையப் புடிச்சு எறக்கறா. என்னையேதான். என் நடை, என் முறைப்பு, எல்லாம் அச்சு அசல். சம்சாரம் வயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. அப்பாவப் பாருங்க, பல் செட்டு கூட மாட்டல, அப்படி ஒரு சிரிப்பு. அம்மா போனப்புறம் நான் அதப் பாத்ததே இல்ல.

எனக்கு அழுகை வந்துடுச்சு சார். கோவம்னு சொல்லிக்கிட்டு கேமராவத் தூக்கிட்டு இங்க வந்துட்டேன். இன்னிக்கே சரி பண்ணிட்டா சாயந்தரம் இன்னொரு தடவ... நாப்பத்தொண்ணா கூப்பிடறாங்க? என் டோக்கன் நாப்பத்திமூணு. இருங்க, லென்ஸ்ல ஒரே விரல் ரேகை, சட்டை நுனில துடைச்சுக்கறேன்.

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? இருவத்தேழுலயும் அப்பா பக்கத்துல ஒரு ஆள் நிக்கற இடம் காலியா இருக்கு. அவ்ளோ ஆட்டம் போட்டிருக்காங்க, ஒருத்தரும் அதுல வந்து நிக்கல. அப்பா கைய அந்தப் பக்கம் நீட்டி வெச்சிருக்காரு, யாரும் வந்துடாம. அசையாதீங்கன்னு நான் ஆயிரம் சொல்லியிருப்பேன், இத ஒண்ணத்தான் கேட்டிருக்காங்க... கழுதைங்க...

டிக்குன்னுச்சு. இப்ப யாரு சார் சிரிச்சது? சார்? அட, ஆளையே காணோம். கவுண்டர்ல நிக்கறாரு. அப்ப இது யார எடுத்துச்சு...

ஓ.

என் மூக்கு கூட விழுந்திருக்கு.

ஏம்மா... பெரிய மெக்கானிக் வர வேண்டாம். நாப்பத்திமூணு கிளம்பிடுச்சுன்னு எழுதிக்கோ. வெளிச்சம் போறதுக்குள்ள நான் வீட்டுக்குப் போகணும்.