நெகட்டிவ் வந்த நாத்தனார்

காப்பி போட்டவுடன் முதல் வாயை நானே குடிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய ஆசைகள் கிடையாது. என்னை விசாரிக்க நீங்கள் எல்லாரும் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருப்பதால் யார் கோபமாக இருக்கிறீர்கள், யார் சிரிப்பை அடக்குகிறீர்கள் என்று தெரியவில்லை. எல்லாரும் சாதாரணமாக இருப்பதாக வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

ஊரடங்கு வந்ததும் ஊருக்கு ஒரு தகவல் குழு அமைத்தீர்கள். ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் தலைவர். குரல் கணீரென்று இருக்கிறது என்று சொல்லி என்னை மைக் முன்னால் உட்கார வைத்தவர்களும் நீங்கள்தான். தண்ணீர் எப்போது வரும், காய்கறி வண்டி எந்தத் தெருவில் நிற்கும், யார் வீட்டு ஆடு யார் வேலிக்குள் நிற்கிறது என்று தினமும் காலையில் சொன்னேன். முடிக்கும்போது மாஸ்டரின் அறிவுரையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 'பாசிட்டிவாக இருங்கள். நெகட்டிவ் ஆட்களைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.' ஊருக்கே அது மனப்பாடம். பால்காரர் உதைக்கிற மாட்டிடம்கூடச் சொல்லிப் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் என் கணவரின் அக்கா வந்தார். அவர் மகளை இதே ஊரில், பின் தெருவில் கொடுத்திருக்கிறது. மகளுக்கு நிறைமாதம். சம்பந்தி வீட்டில் தங்கக் கூச்சப்பட்டு எங்கள் வீட்டில் இறங்கினார். முதல் பேரக்குழந்தையைத் தன் கையில்தான் முதலில் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காகப் பழைய பருத்திப் புடவை ஒன்றைத் துவைத்துத் துவைத்துப் பூ மாதிரி ஆக்கி வைத்திருந்தார்.

அண்ணி கெட்டவர் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவார். நான் மடித்த துணியை உதறி மடிப்பார். நான் உப்புப் போட்ட பிறகு, "போட்டியா?" என்று கேட்டு, "போட்டேன் அண்ணி" என்றால், "எதுக்கும் இருக்கட்டும்" என்று இன்னொரு சிட்டிகை போடுவார். காப்பியை முதலில் அவர் ருசி பார்த்து, "ம், குடிக்கலாம்" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் நான் குடித்தேன். யாரிடமும் புகார் சொல்ல முடியாத துன்பம் அது. சொன்னால், "பாவம், உதவிதானே பண்றாங்க" என்பார்கள். என் கணவர் அப்படித்தான் சொன்னார்.

அண்ணி வெளியூரிலிருந்து வந்தவர் என்பதால் நர்ஸம்மா வந்து மூக்கில் குச்சி விட்டார். ஒரே சமையலறை என்பதால் எனக்கும். ஊரிலேயே முதல் பரிசோதனை அதுதான். முடிவு எனக்குப் போனில் வந்தது. மறைக்காமல் மைக்கில் சொன்னேன். "எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் என் நாத்தனாருக்கு நெகட்டிவ் வந்திருக்கிறது. எனக்குப் பாசிட்டிவ் வந்திருக்கிறது." பிறகு வழக்கம்போல மாஸ்டரின் அறிவுரையையும் சொல்லிவிட்டு இறங்கினேன்.

தெருவில் ஜன்னல்கள் வரிசையாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. முடிவெட்டுகிறவர் மட்டும் வாசலில் நின்று, "நெகட்டிவ்னா நல்லதுதானே?" என்று மெதுவாகக் கேட்டார். எதிர்வீட்டுக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டார். "நல்லதுக்கு எவனாவது நெகட்டிவ்னு பேர் வெப்பானா? கத்தியப் புடிக்கறவன் கத்தியோட நிறுத்திக்க."

வீட்டுக்கு வந்தபோது அண்ணி பாயும் தலையணையுமாகப் பின்னறைக்குள் போய்த் தாழ் போட்டிருந்தார். உள்ளே விசும்பல் கேட்டது. கதவைத் தட்டி விஷயத்தைச் சொல்லத்தான் கையைத் தூக்கினேன். அப்போது சமையலறையைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. வைத்த கரண்டி வைத்த இடத்தில் இருந்தது. அந்த அமைதியை எப்படிச் சொல்வது? வருஷக்கணக்காகப் போட்டிருந்த இறுக்கமான ரவிக்கையின் கொக்கியை யாரோ கழற்றிவிட்ட மாதிரி இருந்தது. காப்பி குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று கையை இறக்கினேன். காப்பியில் மணமும் இல்லை, ருசியும் இல்லை. நிம்மதி என்றால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளுவது சுலபமாக இருந்தது. என் கணவர் அக்காவுக்குச் சாப்பாட்டுத் தட்டைத் துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டுத் திரும்பி ஓடினார். நான் ஓடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். அதைப் பார்த்து ஊரே என்னைப் புகழ்ந்தது.

பின் தெருவில் குழந்தை பிறந்தது, பெண். சம்பந்தியம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். "ஊர்லயே உனக்கு ஒருத்திக்குத்தான் பாசிட்டிவ்னு வந்திருக்கு. உன் ராசியான கையால முதல்ல தூக்கு." நான் மறுத்தேன். ஒரு தடவை மறுத்தேன். "அத்த, நீங்களே தூக்குங்க, அம்மாவுக்குத்தான் கொடுத்து வைக்கல" என்று பிள்ளை பெற்றவளும் சொன்ன பிறகு பிடிவாதம் பிடிப்பது மரியாதையாக இருக்காது. அண்ணி துவைத்து வைத்திருந்த புடவையில்தான் வாங்கினேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டது.

சாயங்காலம் மாப்பிள்ளை குழந்தையை எங்கள் வீட்டுச் சந்தில் கொண்டுவந்து பின்னறை ஜன்னலிலிருந்து எட்ட நின்று காட்டினார். அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கிட்ட வராதீங்க மாப்பிள்ள, தள்ளி, இன்னும் தள்ளி" என்றார். தள்ளித் தள்ளிக் கடைசியில் அவருக்குத் துணிதான் தெரிந்திருக்கும். அன்று கதவுக்குப் பின்னாலிருந்து என்னைக் கேட்டார்.

"நீ தூக்கினியாமே. யார் ஜாடைம்மா?"

"சம்பந்தி வீட்டு ஜாடை அண்ணி."

"போகட்டும். எனக்கு வந்தது நல்லதாப் போச்சு. உனக்கு வந்திருந்தா என் தம்பி என்ன ஆவான்" என்றார்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு மனுஷி தன்னைப் பூட்டியவளுக்காகச் சந்தோஷப்பட்டால் பூட்டியவள் என்ன செய்வாள்? மறுநாள் இன்னும் ருசியாகச் சமைத்துக் கொடுத்தேன். உப்புச் சரியாக இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.

அதற்குள் எங்கள் தெருவில் இருமல் கிளம்பிவிட்டது. சுவர் வழியாக அண்ணியின் நெகட்டிவ் பரவுகிறது என்று பேசிக்கொண்டீர்கள். ஒவ்வொரு வீடாகப் போய்க் கஷாயம் கொடுத்தது நான்தான். மாஸ்டருக்கு என் கையாலேயே புகட்டினேன். அவர் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போனில் கேட்டுக்கொண்டிருக்கிறார். வணக்கம் சார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் ராசி.

நேற்று நர்ஸம்மா வந்தார். ஜன்னலில் அண்ணியைப் பார்த்துவிட்டு, "இவங்க எதுக்கு உள்ள இருக்காங்க? இவங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு அன்னைக்கே சொன்னேனே" என்று தெருவே கேட்கும்படி கத்தினார். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அண்ணி வெளியே வந்து என்னைப் பார்த்தார். திட்டவில்லை. நேராகப் பின் தெருவுக்கு நடந்தார், செருப்புக்கூடப் போடாமல்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், எனக்குத் தெரியும். போனிலேயே நர்ஸம்மா தெளிவாகச் சொன்னார். "உங்க அண்ணிக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் நோய் இருக்கு. தனி ரூம்ல இருங்க, யாரையும் தொடாதீங்க." எல்லாம் தெரிந்துதான் செய்தேன்.

ஏன் தனியாக இருக்கவில்லை என்கிறீர்கள். எங்கள் வீட்டில் கதவு வைத்த அறை ஒன்றுதான் இருக்கிறது. அதில் நோயில்லாத ஒருவர் படுத்திருந்தார். அவர் பக்கத்தில் போய் நான் எப்படிப் படுப்பேன்? அந்த அளவுக்கு மனசாட்சி இல்லாதவள் இல்லை நான்.