போடிலுக்கு வந்த கடுதாசி

— படிச்சிட்டியா அக்கா? கண்ணாடி வேணுமா?

— படிச்சிட்டேன். அரசாங்கம் வீட்டுக்கு அனுப்புன சோதனைக் குழாயில மலம் அடைச்சுத் தபால்ல போனதுல்ல, அதுல ரத்தம் தெரியுதாம். வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. கேமரா விட்டுக் குடலைப் பாப்பாங்களாம்.

— அவ்ளோதானா?

— வேற என்னடி சொல்லணும், போடில்?

— முப்பது வருஷமா சொன்னியே, அதச் சொல்லு. ஹார்சென்ஸ் ஊரு ரயில் ஸ்டேஷன் வாசல்ல வண்டி போட்டு சிவப்புக் கறி சாசேஜ் வித்தவ நான். வித்தது பாதி, தின்னது பாதி. கூட வெள்ளை பன்னு, சாக்லேட் பாலு, நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட்டு. ஒவ்வொரு கடிக்கும் அழற்சி அழற்சின்னு அர்ச்சனை பண்ணுவ. இன்னிக்கு வாயில கொழுக்கட்டையா?

— இப்ப எதுக்கு அது.

— இப்பதான அதுக்கு நேரம். சமையல் வகுப்புல பொம்பளைங்கள உக்கார வெச்சு, "மாருல கட்டி இருக்கான்னு தடவித் தடவிப் பாக்குறீங்க, குடல மறந்துடுறீங்க. பதப்படுத்துன கறி, இனிப்பு, உக்காந்தே கெடக்குறது, எல்லாம் உள்ளுக்குள்ள தீ மூட்டி வெக்கும், புகை கூட வராது"ன்னு சொல்லுவியே. எனக்கே மனப்பாடம், குட்ரூன் டீச்சர்.

— நான் சொன்னது பொய் இல்ல.

— பொய்னு யார் சொன்னா? அதான் வந்துடுச்சே.

— ரத்தம்னா உடனே புத்துநோயா? மூலமா இருக்கும். சின்ன சதை வளர்ச்சியா இருக்கும். கூப்பிடுற முக்காவாசிப் பேருக்குப் புத்துநோய் இருக்கறதில்ல.

— இத நீயா சொல்ற.

— போடில், நான் ஒண்ணு சொல்றேன், கேளு. நீ போக வேணாம்.

— என்னது?

— போன் பண்ணி வரலன்னு சொல்லிடு. மொத நாள் பட்டினி, குடம் குடமா பேதி மருந்து, விடிய விடிய கக்கூஸு. உனக்கு எதுக்கு அந்தப் பாடு? ஆய்வுக்கூடத்துல மாத்திக்கீத்தி வெச்சிருப்பாங்க.

— ஒரு சாசேஜுக்காக வண்டி வரைக்கும் வந்து, வாடிக்கைக்காரங்க முன்னாடி என்னத் திட்டுனவ நீ. இப்ப ரத்தம்னு எழுதி வந்திருக்கு, போகாதங்குற.

— உனக்கு ஒண்ணும் இல்லடி. எனக்குத் தெரியும்.

— எப்படித் தெரியும்?

— கூடப் பொறந்தவளுக்குத் தெரியாதா.

— சரி. நீ ஏன் மூணு மாசமா கருப்பு ரொட்டியப் பாதியிலயே வெச்சிடுற?

— பசிக்கல. எழுபத்தாறு வயசாகுது.

— பாவாடைக்கு ஊக்கு குத்தியிருக்க.

— பழைய பாவாடை, தளந்துடுச்சு.

— சைக்கிள ஏன் தள்ளிக்கிட்டு வர்ற?

— எதிர்க்காத்து.

— தெனமுமா? டாக்டரம்மாகிட்டப் போனியா?

— என்னத்துக்கு? அவளே என் வகுப்புல படிச்சவ. நாப்பது வருஷமா முட்டக்கோசும் ஹெர்ரிங் மீனும் ஓட்ஸ் கஞ்சியுமா இருக்கேன், மழைன்னு பாக்காம நடக்குறேன். நானே போயி அவ முன்னாடி நின்னா ஊரு என்ன சொல்லும்?

— வெக்கமா இருக்கு உனக்கு.

— வெக்கம் பாதிதான். பயமா இருக்குடி.

— தப்பாத் தின்னா ஆபத்து அதிகம்னுதான அக்கா சொல்லிக் குடுத்த? சரியாத் தின்னவளுக்கு வரவே வராதுன்னு யாரு எழுதிக் குடுத்தா?

— என்னப் பத்தி எதுக்குப் பேச்சு? உன் கடுதாசியப் பத்திப் பேசு. வியாழக்கிழமை போறியா, இல்லையா?

— போறேன். காரு நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காரு. பேருல இருக்கற குழப்பத்த அங்க போயி நானே சொல்லிக்கறேன். புதன்கிழமை பட்டினி மட்டும் நீ கெட.

— நான் எதுக்குடி பட்டினி கெடக்கணும்?

— எழுபத்தஞ்சு ஆயிட்டா டென்மார்க்ல யாருக்கும் குழாய் அனுப்புறதில்ல, அது எனக்கும் தெரியும். எனக்கு வந்த குழாய நான் பிரிக்கவே இல்லக்கா, கவரோட அடுப்படிக் குப்பையிலதான் போட்டேன். அங்கேருந்து எடுத்து என் பேருல அனுப்புனவ யாரு?