வெடித்த கரண்டுப் பெட்டிக்கு ஊர் நடுவே பொறுப்பேற்ற நாச்சிமுத்து ஐயா அவர்களுக்கு

மழைக்கும் இடிக்கும் மலையாது மின்கம்பி காத்த மாண்பினரே! நம் ஊருக்கு மின்சாரம் வந்த நாள்முதல் எங்களுக்கு மூத்தவராய், முன்நடப்பவராய், முகம் சுளியாதவராய் விளங்கிய மேற்பார்வையாளர் அவர்களே! ஓய்வு பெறும் தங்களைப் புகழ்ந்து நாலு நல்ல வார்த்தை சொல்லவே எழுந்தோம். ஆனால் வயிறு எரிகிறது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

அறுந்து விழுந்த கம்பியைத் தாங்கள் சோதிக்காமல் எங்களைத் தொடவிட்டதில்லை. எவனாவது கையுறை மறந்தால் தாங்கள் விடும் வசவு செவ்வாய்ப்பேட்டை வரை கேட்கும். அந்த வசவினால்தான் நாங்கள் இன்று பத்து விரலோடு நிற்கிறோம்.

சென்ற ஐப்பசியில், மாரியம்மன் பண்டிகைக்குக் கோயில்முன் கம்பம் நட்டிருந்த வாரம், சந்தைப்பேட்டை டிரான்ஸ்பார்மர் பெட்டி அந்தி வேளையில் வெடித்தது. நீலமா பச்சையா என்று சொல்லமுடியாத ஓர் ஒளி வானளாவ எழுந்தது. பக்கத்தில் நின்றவர் முகமே வேற்று முகமாய்த் தெரிந்தது. அம்மனே வந்துவிட்டாள் என்று சந்தை முழுதும் கைகூப்பி விழுந்தது. அதில் குற்றமில்லை, எங்களுக்கே கைகூப்பத் தோன்றிற்று.

குற்றம் மறுநாள் நடந்தது. கம்பம் நட்டபின் எவரும் எண்ணெய்ச் சட்டி வைக்கலாகாது என்பது ஊர்க்கட்டு. சந்தையில் வடை சுட்டுப் பிழைக்கும் பொன்னாயி அம்மாள், பிள்ளைகளின் பசி பொறாமல், பெட்டி வெடித்த அன்று அடுப்பு மூட்டியிருந்தார். அதனால்தான் அம்மன் சீறினாள் என்று ஊரார் அவர் சட்டியை உடைத்தார்கள்; ஊர்க்கிணற்றில் அவர் தண்ணீர் எடுக்கவும் தடை போட்டார்கள். நம் மின்சாரக் கம்பெனியோ, தப்பித்தோம் பிழைத்தோம் என்று வாயை மூடிக்கொண்டு, பெட்டியடியில் பூசைக்குத் தேங்காய் வாங்கிக் கொடுத்தது! இதைவிட வெட்கக்கேடு உண்டா?

கோயில் முன் கூடிய ஊர்க்கூட்டத்தில் தாங்கள் எழுந்தீர்கள். “ஏனுங்க, அந்தம்மா மேல ஏனுங்க பழி? கொதிச்சு வெடிச்சது வடைச்சட்டி எண்ணெய் இல்லீங்க, எங்க பொட்டிக்குள்ள இருக்கற எண்ணெய்ங்க. அது கெட்டு மாசக்கணக்காச்சு. மாத்தாம உட்டது நாங்கதானுங்க. தண்டனைன்னா எனக்குக் குடுங்க சாமி” என்றீர்கள்.

ஊர் தலைகுனிந்தது; பொன்னாயி அம்மாளுக்குக் கிணறு திரும்பக் கிடைத்தது. தங்களுக்குக் கிடைத்தது என்ன? கம்பெனிப் பேரைக் கெடுத்தீர் என்று மேனேஜர் தங்களைக் கிடங்கில் மின்கம்பி தாங்கும் பீங்கான் குமிழ்களைத் துடைக்க உட்கார வைத்தார்! தாங்கள் முகம் வாடாமல் துடைத்தீர்கள். எங்களுக்குத்தான் பொறுக்கவில்லை; இன்றும் பொறுக்கவில்லை.

நேர்மை குன்றாத நெஞ்சினரே! நோயண்டா உடலோடும், மக்கள் பேரர் சூழ்ந்த மனையோடும், நிறைந்த உறக்கத்தோடும் தாங்கள் நெடுங்காலம் வாழ வாழ்த்தி வணங்குகிறோம். மாலையை மட்டும் நாங்கள் போடப்போவதில்லை.

மேனேஜர் வரவில்லை. “அந்தப் பொம்பளை வந்தால் நான் வருவதற்கில்லை” என்று சொல்லியனுப்பினார். அவரை அழைத்தது போலவே அந்த அம்மாளையும் அழைத்திருக்கிறோம். தங்கள் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கிறது. வாசலோரம் நிற்கும் பொன்னாயி அம்மாளே, மேடைக்கு வந்து உட்காருங்கள். ஐயாவுக்கு மாலை போட வேண்டியவர் நீங்கள்தான்.

இங்ஙனம்,
காளியண்ணன், தீர்த்தகிரி, மாதையன் முதலான மின் ஊழியர்கள்
விய ஆண்டு, பங்குனி மாதம்